நம் வீட்டுச் சமையலறை எப்படி அமைய வேண்டும்?

(பத்தாம் வகுப்பு மாணவி)

புதிதாக வீடு கட்டும்போது முன்கூடத்தைப் பற்றி நாம் மிகுதியாகப் பேசுகிறோம். அதன் அகலம் எவ்வளவு, சுவருக்கு என்ன வண்ணம், சன்னல் எந்தப் பக்கம் என்று பல நாள் ஆலோசிக்கிறோம். சமையலறையோ பெரும்பாலும் எஞ்சிய இடத்தில் அமைந்து விடுகிறது. ஆனால் நெருப்பு, கொதிநீர், கத்தி, மின்சாரம், காஸ் ஆகிய ஐந்தும் நாள்தோறும் ஒன்று கூடும் அறை வீட்டிலேயே அது ஒன்றுதான். அந்த அறைக்குள் குழந்தைகளும் ஓடி வருகிறார்கள்; வயது முதிர்ந்த பாட்டியும் தண்ணீர் எடுக்க வருகிறார்.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,80,000 பேர் தீக்காயங்களால் உயிர் இழக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் இந்தியாவில் மட்டும் ஆண்டுக்குப் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கடுமையான அல்லது நடுத்தரமான தீக்காயம் அடைகின்றனர். தீக்காயங்களில் பெரும்பாலானவை வீட்டிலும் வேலை செய்யும் இடத்திலுமே நேர்கின்றன.

இத்தகைய விபத்து நேர்ந்தவுடன் எல்லாரும் கூறும் சொல் "கவனக்குறைவு" என்பதே. எங்கள் தெருவில் ஒரு வீட்டில், கொதிக்கும் சோற்றுப் பானையைக் கஞ்சி வடிப்பதற்காகப் பின்கட்டுக்கு எடுத்துச் சென்ற ஓர் அத்தையின் மீது மூன்று வயதுக் குழந்தை ஓடி வந்து மோதி விட்டது. குழந்தை பல வாரங்கள் மருத்துவமனையில் இருந்து பிழைத்துக் கொண்டது. பார்க்க வந்தவர் அனைவரும் அந்த அத்தையையே குறை கூறினர். ஆனால் அவர் ஆண்டுக் கணக்காக ஒவ்வொரு நாளும் அந்தப் பானையைத் தூக்கிக் கொண்டு அதே வழியில் நடந்தவர். ஒரு நாளும் தவறாமல் கவனமாக இருப்பது மனிதரால் இயலுமா? குறை அவரிடம் இல்லை. அடுப்புக்கும் தண்ணீருக்கும் இடையே இருந்த தூரத்தில்தான் இருந்தது. சமையலறையைச் சரியாக அமைத்தால் பாதிக் கவனத்தை அந்த அறையே எடுத்துக் கொள்ளும். அது எப்படி என்பதைத்தான் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

பழைய அடுக்களை

நம் பாட்டிமார்கள் தரையில் அமர்ந்து சமைத்தனர். மண் அடுப்பு, அம்மி, அரிவாள்மணை யாவும் தரையில் இருந்தன. எழுந்து நடக்க வேண்டிய தேவை குறைவு. ஆனால் புகை மிகுதி. விறகடுப்பின் புகை கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கும். வீட்டிற்குள் எழும் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகில் 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இத்துன்பத்தைக் கண்டு, ஹைதராபாத்தைச் சேர்ந்த பொறியியல் அறிஞர் எஸ். பி. ராஜு என்பவர் புகைபோக்கியுடன் கூடிய அடுப்பை உருவாக்கி, 1953-இல் அதைப் பற்றி ஒரு சிறு நூலும் எழுதினார்.

பின்னர் காஸ் அடுப்பு வந்தது. இந்தியன் ஆயில் நிறுவனம் 1965-இல் தன் முதல் இண்டேன் இணைப்பைக் கொல்கத்தாவில் வழங்கியது. 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்கும் காஸ் கிடைத்தது. அடுப்பு மேடைக்கு ஏறியது. பெண்கள் நின்று சமைக்கத் தொடங்கினர். ஆனால் பல வீடுகளில் அடுப்பு மட்டும் மாறியதே தவிர, தண்ணீரும் அலமாரியும் பழைய இடத்திலேயே நின்று விட்டன. அதனால் நடையும் தூக்கலும் பெருகின.

நடையை எண்ணிய பெண்மணிகள்

சமையலறையில் ஒரு பெண் எவ்வளவு நடக்கிறாள் என்று முதன்முதலில் அளந்து பார்த்தவர்களும் பெண்களே. அமெரிக்காவில் கிறிஸ்டின் ஃபிரெடெரிக் என்னும் அம்மையார் 1912, 1913-ஆம் ஆண்டுகளில் இதைப் பற்றி எழுதினார். வேலையின் வரிசைப்படி பொருள்களை அடுக்கினால் வீண்நடை குறையும் என்று வரைபடம் வரைந்து காட்டினார். பன்னிரண்டு குழந்தைகளின் தாயும் பொறியியல் வல்லுநருமான லில்லியன் கில்பிரெத் அம்மையார் 1929-இல் காஸ் நிறுவனம் ஒன்றிற்காக ஒரு மாதிரிச் சமையலறையை அமைத்துத் தந்தார்.

ஆஸ்திரியா நாட்டின் மார்கரெட் ஷூட்டெ-லிஹோட்ஸ்கி அம்மையார் கட்டடக் கலைஞர். ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக 1926-இல் இவர் வரைந்த சமையலறை 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமுமே கொண்டது. இரயில் வண்டியின் சமையல் பெட்டியைப் பார்த்து, சிறிய இடத்தில் எல்லாம் கைக்கெட்டுமாறு அமைத்தார். ஏறத்தாழ 10,000 வீடுகளில் இது பொருத்தப்பட்டது. ஆயினும் அதில் ஒருவர் மட்டுமே நின்று வேலை செய்ய இயலும் என்ற குறையும் பிற்காலத்தில் கூறப்பட்டது.

இவ்வாராய்ச்சிகளின் தொடர்ச்சியாக, 1940-களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் "வேலை முக்கோணம்" என்னும் விதியை வகுத்தனர். அடுப்பு, சிங்க், உணவுப் பொருள் வைக்கும் இடம் ஆகிய மூன்றையும் கோட்டால் இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். இன்று வழங்கும் கணக்குப்படி, அதன் ஒவ்வொரு பக்கமும் 4 அடிக்குக் குறையாமலும் 9 அடிக்கு மிகாமலும் இருக்க வேண்டும். மூன்று பக்கங்களையும் கூட்டினால் 26 அடிக்கு மேற்படக் கூடாது. மிகவும் குறைந்தால் நெருக்கடி. மிகவும் நீண்டால் கால்வலி. மேலும், வீட்டில் பிறர் நடமாடும் வழி இம்முக்கோணத்தின் குறுக்கே செல்லக் கூடாது என்பது இவ்விதியின் முக்கியமான பகுதியாகும்.

நம் சமையலுக்கு ஏற்ற விதி

மேல்நாட்டார் குளிர்சாதனப் பெட்டியை முக்கோணத்தின் ஒரு முனையாகக் கொள்கின்றனர். நமக்கோ அரிசிப் பானை, பருப்பு டப்பாக்கள், அஞ்சறைப் பெட்டி ஆகியவை உள்ள அலமாரியே அந்த முனை. அவர்களிடம் இல்லாத இன்னொரு வேலையும் நம்மிடம் உண்டு. அதுதான் கஞ்சி வடித்தல். நாள்தோறும் ஒரு பானைக் கொதிநீர் அடுப்பிலிருந்து இடம் மாறுகிறது. ஆகவே நம் சமையலறையில் அடுப்பும் சிங்க்கும் ஒரே தொடர்ச்சியான மேடையில் அமைவதே முதல் விதியாக இருக்க வேண்டும். பானையைத் தூக்கிக் கொண்டு நடக்காமல், மேடை மீதே நகர்த்திச் சென்று வடித்து விடலாம்.

ஆயினும் இரண்டும் ஒட்டி இருக்கவும் கூடாது. கொதிக்கும் எண்ணெயில் ஒரு கரண்டித் தண்ணீர் தெறித்தாலும் எண்ணெய் பொங்கி வெடிக்கும். எனவே இடையே குறைந்தது 2 அடி வெற்று மேடை தேவை. காய் நறுக்கவும் இறக்கிய பாத்திரத்தை வைக்கவும் அந்த இடமே பயன்படும்.

சென்ற ஆண்டு எங்கள் வீட்டுச் சமையலறையைச் செப்பனிட்டனர். அதற்கு முன் சிங்க் கிடையாது, பின்கட்டில்தான் குழாய். மனையியல் வகுப்பில் கற்றபடி நான் அளவு நாடாவால் அளந்தேன். அடுப்பிலிருந்து குழாய்க்கு 19 அடி, நடுவே ஒரு வாசற்படி. கையிலிருந்த பணத்தில் மேடைக்குக் கிரானைட் போடலாம், அல்லது குழாயை உள்ளே கொண்டு வந்து சிங்க் வைக்கலாம். இரண்டுக்கும் பணம் போதாது என்று கொத்தனார் கூறி விட்டார். அப்பாவுக்குக் கிரானைட் மீது ஆசை. அம்மா ஒன்றும் பேசவில்லை. நான் அளந்த 19 அடியைத் தாளில் வரைந்து காட்டியபோது, "ஒரு நாளைக்கு எத்தனை முறை நடக்கிறாய்?" என்று அப்பா கேட்டார். "எண்ணியதில்லை" என்றார் அம்மா. முடிவில் மேடைக்குக் கடப்பைக்கல்லே போட்டு, சிங்க்கை உள்ளே வைத்தோம். பளபளப்பு இல்லை, ஆனால் அம்மா சூடான பானையுடன் வாசற்படி தாண்டுவதில்லை.

நான்கு வகை அமைப்புகள்

சமையல் மேடையை நான்கு வகையாக அமைக்கலாம்.

முதலாவது, ஒற்றை வரிசை. ஒரே சுவர் ஓரமாக மேடை செல்லும். மிகச் சிறிய வீட்டிற்கு ஏற்றது, செலவும் குறைவு. அடுப்பு ஒரு முனையிலும் சிங்க் மறு முனையிலும் இருந்தால் நடை கூடும். ஆகவே நடுவே 2 அல்லது 3 அடி மட்டும் விட்டு வைக்க வேண்டும்.

இரண்டாவது, எதிரெதிர் வரிசை. இரு சுவர்களிலும் மேடை உண்டு. இடையே குறைந்தது 3½ அடி, இருவர் சேர்ந்து சமைத்தால் 4 அடி வழி வேண்டும். இதில் அடுப்பு ஒருபுறமும் சிங்க் எதிர்ப்புறமும் வந்தால், சூடான பாத்திரத்துடன் திரும்ப வேண்டியிருக்கும். இரு முனையிலும் கதவு இருந்தாலோ, சமையலறையே நடைபாதை ஆகி விடும். குழந்தைகள் உள்ள வீட்டிற்கு இது பொருந்தாது.

மூன்றாவது, "ட" வடிவம். அடுத்தடுத்த இரு சுவர்களில் மேடை செல்லும். அடுப்பும் சிங்க்கும் ஒரே தொடரில் அமையும். மூலைக்கு அப்பால் மேடை இல்லாத பகுதி நடமாடுவதற்கு விடப்படும். நடுத்தரக் குடும்பத்திற்கு இதுவே மிகவும் ஏற்றது என்பது என் கருத்து.

நான்காவது, "ப" வடிவம். மூன்று சுவர்களிலும் மேடை. பொருள் வைக்க இடம் மிகுதி. குறுக்கே யாரும் செல்ல இயலாது. ஆனால் அறை அகலமாக இருந்தால் மட்டுமே நடுவில் நிற்க இடம் கிடைக்கும்; செலவும் அதிகம்.

ஓர் எடுத்துக்காட்டு

கிழக்கு மேற்கில் 10 அடியும், தெற்கு வடக்கில் 8 அடியும் உள்ள ஓர் அறையை எடுத்துக் கொள்வோம். வாசல் மேற்குச் சுவரில் இருக்கட்டும். கிழக்கு, தெற்குச் சுவர்களில் 2 அடி அகலத்தில் "ட" வடிவ மேடை. கிழக்கு மேடையின் நடுவில் அடுப்பு; பெரியோர் விரும்பும் வண்ணம் கிழக்கு நோக்கியே நின்று சமைக்கலாம். தெற்கு மேடையின் நடுவில் சிங்க். அதற்கு மேல் சன்னல். வடக்குச் சுவரின் நடுவில் அலமாரி. இவ்வாறு அமைத்தால் நாம் நின்று வேலை செய்யும் இடங்களுக்கு இடையே, அடுப்பிலிருந்து சிங்க் ஏறத்தாழ 4 அடி, சிங்க்கிலிருந்து அலமாரி 5 அடி, அலமாரியிலிருந்து அடுப்பு 4 அடிக்குச் சற்று மேல். மொத்தம் ஏறத்தாழ 13 அடி. வாசல் அருகே ஒரு சிறு மேசையோ பாயோ போட்டால், குழந்தை அங்கே அமர்ந்து சாப்பிடும். அடுப்புப் பக்கம் வர வேண்டிய காரணமே இராது.

இவ்வளவு பெரிய அறை எல்லார்க்கும் கிடைக்காது. தனியே உணவு உண்ணும் இடம் இருந்தால், சமையலறை குறைந்தது 5 சதுர மீட்டர் பரப்பும் 1.8 மீட்டர் அகலமும் கொண்டிருக்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறுகிறது. குறைந்தது ஒரு சதுர மீட்டர் அளவுள்ள சன்னல் வெட்டவெளியை நோக்கி இருக்க வேண்டும் என்பதும் அதன் விதியாகும்.

மேடையின் உயரம்

மேடையின் உயரத்தைக் கொத்தனார் முடிவு செய்யக் கூடாது. சமைப்பவரின் முழங்கை முடிவு செய்ய வேண்டும். நிமிர்ந்து நின்று கையை மடக்கினால் முழங்கை எந்த உயரத்தில் உள்ளதோ, அதிலிருந்து 4 முதல் 6 அங்குலம் கீழே மேடை அமைய வேண்டும். ஐந்தடி உயரமுள்ள ஒருவருக்கு இது ஏறத்தாழ 32 அங்குலம் ஆகும்.

ஆனால் அந்த மேடை மீது அடுப்பை வைத்து, அதன் மேல் குழம்புச் சட்டியை வைத்தால், சட்டியின் விளிம்பு மார்பளவு உயர்ந்து விடும். எட்டிப் பார்க்கும்போது ஆவி முகத்தில் அடிக்கும். கை நீட்டும்போது முந்தானை தீயில் படும். ஆகவே அடுப்பு வைக்கும் பகுதியை மட்டும் 4 அங்குலம் தாழ்த்திக் கட்டுவது நல்லது. அப்போது அடுப்பின் மேற்பகுதி மேடைக்கு ஏறத்தாழச் சமமாக வரும். சோற்றுப் பானையை நகர்த்துவதும் எளிதாகும்.

காஸும் காற்றும்

சமையல் காஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் அது மேலே போகாது. தரையோடு படர்ந்து தங்கி விடும். இயல்பில் அதற்கு மணம் இல்லை. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே துர்நாற்றம் தரும் பொருளைச் சேர்க்கின்றனர். இதிலிருந்து சில விதிகள் தாமே விளங்கும்.

சிலிண்டரைச் செங்குத்தாக, தரை மட்டத்தில் வைக்க வேண்டும், பள்ளத்தில் வைக்கலாகாது. 14.2 கிலோ சிலிண்டர் ஏறத்தாழ இரண்டடி உயரம் உள்ளது. அடுப்பு அதை விட உயரத்தில் இருக்க வேண்டும். அடுப்புக்கு நேர் கீழே வைக்காமல் சற்றுப் பக்கத்தில் வைப்பது நலம். மேடைக்கு அடியில் வைத்துக் கதவு போட்டால், அக்கதவின் கீழும் மேலும் காற்றுத் துளைகள் தேவை. வெளிச்சுவரில் தரையை ஒட்டி ஒரு துளை இருந்தால் இன்னும் சிறப்பு. ரப்பர் குழாயைச் சுவருக்குள் நுழைத்துச் செல்லக் கூடாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும்.

சன்னல் அடுப்புக்கு நேர் பின்னால் வேண்டா. காற்று அடித்துத் தீ அணைந்தால் காஸ் வெளிவரும், திரைச்சீலையும் தீப்பற்றும். எக்ஸாஸ்ட் ஃபேன் புகைக்கும் ஆவிக்கும் ஏற்றது. ஆனால் காஸ் கசிந்தால் அதைப் போடவே கூடாது. எந்தச் சுவிட்சைத் தட்டினாலும் சிறு பொறி எழும். நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, அனைவரும் வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அறிவிக்க வேண்டும். ஃபிரிட்ஜ் தானாகவே ஓடி நிற்கும் பொருள். அதிலும் பொறி எழலாம். ஆதலால் அதைச் சிலிண்டரிலிருந்து தள்ளி வைப்பதே முறை.

எந்தப் பொருள் எங்கே?

அடுப்புக்கு மேல் அலமாரி வைத்து, அதில் அஞ்சறைப் பெட்டியை வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. தீயைத் தாண்டிக் கை நீட்டும் ஒவ்வொரு முறையும் ஆபத்தே. அடிக்கடி எடுப்பவற்றை அடுப்பின் பக்கவாட்டில், இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் வைக்கலாம். அரிசி டின் போன்ற கனமானவை கீழே. ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் பெரிய பாத்திரங்கள் பரணில். முறுக்கும் சீடையும் அடுப்பருகே இருந்தால் குழந்தைகள் ஏறி எடுக்க முயல்வர். அவற்றை வாசல் பக்க அலமாரிக்கு மாற்றி விட வேண்டும். தீப்பெட்டி, கத்தி, ஃபினாயில் ஆகியவை குழந்தைக்கு எட்டாமல் இருத்தல் அவசியம்.

மிக்சி, கிரைண்டருக்கான பிளக் இணைப்பு சிங்க்கிலிருந்து எட்டி இருக்கட்டும். மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவியை வீட்டில் பொருத்துவது உயிரைக் காக்கும். தரைக்கு வழுவழுப்பான ஓடு வேண்டா; ஈரத்தில் வழுக்காத சொரசொரப்பான ஓடே தக்கது.

இவ்வளவு செய்தும் எவர்க்கேனும் சூடுபட்டு விட்டால், உடனே 20 நிமிடம் குழாய்த் தண்ணீரைக் காயத்தின் மீது விட வேண்டும். பற்பசை, மாவு, மை முதலியன தடவக் கூடாது. பிறகு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வாடகை வீட்டில் என்ன செய்வது?

நம்மில் பலர் வாடகை வீட்டில் இருக்கிறோம். மேடையை இடிக்க இயலாது. ஆயினும் அடுப்பை வாசலை விட்டு உள்ளே தள்ளி வைக்கலாம். அடுப்பின் மேலுள்ள டப்பாக்களை இடம் மாற்றலாம். பாத்திரக் கைப்பிடிகளை உட்புறம் திருப்பி வைக்கலாம். மேடை உயரமானால், நின்று சமைக்க அகலமான, அசையாத பலகை போடலாம். வாசலில் குழந்தை தாண்ட முடியாத உயரத்தில் ஒரு மரத்தட்டி வைக்கலாம். இவற்றுக்குப் பெரிய செலவில்லை.

புதிதாகக் கட்டுவோர்க்கு ஒரு வழி கூறி முடிக்கிறேன். கொத்தனார் வருமுன், முற்றத்திலோ மொட்டை மாடியிலோ சமையலறையை முழு அளவில் சுண்ணக்கட்டியால் வரையுங்கள். அடுப்பு, சிங்க், அலமாரி ஆகியவற்றுக்குக் கட்டம் போடுங்கள். வீட்டில் சமைப்பவரை அதில் நிறுத்தி, வெறும் பானையுடன் ஒரு வேளைச் சமையலை நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே கால் தடுமாறுகிறது, எங்கே குழந்தை குறுக்கே வருகிறது என்பது அப்போதே தெரிந்து விடும். சுண்ணக்கட்டிக் கோட்டை அழிக்க ஒரு துணி போதும். கட்டிய மேடையை இடிக்கப் பணம் வேண்டும்.

அன்புத் தோழியரே! சமையலறை தாய்மார்க்கு மட்டும் உரியதன்று. அண்ணனும் தம்பியும் அப்பாவும் கூட அங்கே நின்று உதவ வேண்டியவர்களே. இந்த விடுமுறையில் நீங்களும் ஓர் அளவு நாடாவுடன் உங்கள் சமையலறைக்குள் செல்லுங்கள். அடுப்புக்கும் தண்ணீருக்கும் உள்ள தூரத்தை அளந்து வீட்டாருக்குக் காட்டுங்கள். நமக்காக நாள்தோறும் நெருப்பின் அருகே நிற்பவர்களுக்கு நாம் செய்யக் கூடிய சிறிய, ஆனால் பயனுள்ள உதவி அதுவாகும்.